இன்னொருக்கா

என் அத்தான் பல்லுத் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. ரங்கூனில் ஏதோ ஒரு படத்துக்காக ஆற்றங்கரையில் குதிரையில் போனபோது விழுந்து உடைந்ததாம். அதன் பிறகு அவர் சிரித்தால் கன்னம் இரண்டும் மேலே ஏறும், கண் சுருங்கும், வாய் மட்டும் மூடியபடியே இருக்கும். சாப்பிடும்போதுகூட இடக்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வார். எங்கள் வீட்டுக் குசினியில் யாருக்கு மறைக்கிறார் என்று அம்மா முணுமுணுப்பார். நித்திரையில்கூட அந்த வாய் திறப்பதில்லை. இதை எனக்குச் சொன்னது அக்கா.

அவர் பர்மியப் படங்களில் நடித்தவர், பின்னர் அவற்றை இயக்கியவர். எழுதும்போது ஏதோ பெரிய சங்கதி போலத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கொக்குவிலில் இதை வெளியே சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நா எழவில்லை. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகன், இங்கிலீசு படித்தவர், ரங்கூனில் அரிசி ஆலைக் கந்தோரில் கிளாக்கர் என்று சொல்லித்தான் அக்காவை அவருக்குக் கட்டி வைத்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. இரண்டு மாதம் நின்றார், கப்பலேறினார்.

கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு படக் கொம்பனி இருந்திருக்கிறது. ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனவரை, ஆள் நெடுவல், மீசையும் நல்லது, பிணமாகக் கிடக்க ஒருவர் வேண்டும் என்று பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். இவர் அசையாமல் கிடந்த விதம் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. அது பேசாத படங்களின் காலம், பர்மிய மொழி வாயில் நுழையாவிட்டாலும் குறையில்லை. அடுத்த படத்தில் சாகுமுன் கொஞ்சம் நடக்க விட்டார்கள். அதற்கடுத்ததில் சண்டை போட விட்டார்கள். ஆனால் எந்தப் படத்திலும் கடைசியில் சாகத்தான் வேண்டியிருந்தது. நாலு வருடமாக இதைப்பற்றி வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. கந்தோர், மழை, நான் சுகம், நீங்கள் சுகமா என்றே எழுதிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவீட்டில் பிணப் பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று படம் எடுப்போம். மலாயாவிலோ பர்மாவிலோ இருக்கிற உறவினருக்கு அதை அனுப்புவோம். அங்கே யாரும் செத்தால் அவர்களும் அப்படியே அனுப்புவார்கள். எந்த வீட்டுப் பட அல்பத்தைத் திறந்தாலும் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் பெட்டிப் படம் இருக்கும். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரிந்ததில்லை.

ரங்கூனில் இருந்து அந்தத் தடித்த கடித உறை வந்தபோது எனக்குப் பதினாலு வயது. ஆவலில் அதைப் பிய்த்தது நான்தான். கடிதம் எதுவும் இல்லை. ஒரேயொரு படம். அத்தான் பெட்டிக்குள் மலர்களுக்கு நடுவில் கிடந்தார். தலைமாட்டில் ஒரு பர்மியப் பெண் அவருடைய முகத்தை ஏந்திக்கொண்டு அழுதாள். கால்மாட்டில் இரண்டு பிள்ளைகள். பின்பக்கத்தில் வட்ட வட்டமாக எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு முத்திரை.

"ஐயோ, அத்தான் செத்துப் போனார்!" என்று கத்தியதும் நான்தான்.

அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மா அழுதார். ஐயா கதிரையில் இருந்தவர் இருந்தபடியே இருந்தார். அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் அவள் பார்த்தது பெட்டியை அல்ல, தலைமாட்டில் நின்ற அந்தப் பெண்ணை. தாலியும் போய், தாலிக்குப் பங்காளியும் வந்து, எல்லாம் ஒரே படத்தில். அக்காவுக்கு எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை. நின்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

உடல் இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து கொள்ளி வைத்தார்கள். கொள்ளி வைக்க முன்னர் அக்கா தாலிக்கொடியைக் கழற்றி அந்தப் புல்லின் மேல் வைத்தாள். அம்மா அதை எடுத்து றங்குப் பெட்டிக்குள் பூட்டினார். எட்டாம் நாள் எட்டுச் செலவு நடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சமையலுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது அத்தானின் கையெழுத்தில் கடிதம் வந்தது.

இந்த முறை ஐயாதான் வாசித்தார். 'உங்களுக்கு இவ்வளவு காலமும் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன், மன்னிக்க வேணும்' என்று தொடங்கி, படக் கொம்பனி, நடிப்பு எல்லாவற்றையும் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி ஒரு வரி: 'முந்தின கப்பலில் அனுப்பிய படம் கிடைத்ததோ? என் முகம் எப்படி?'

ஐயா கடிதத்தை மடித்தார். "கிளாக்கர் மருமோன் செத்துக் கூத்தாடி மருமோன் வந்திருக்கிறார்," என்றார். அம்மா சமையற்காரருக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரித்தாளோ அழுதாளோ எனக்குத் தெரியாது.

மூன்று மாதத்தில் அத்தான் நேரே வந்தார். கொக்குவில் ஸ்ரேசனுக்கு எல்லோரும் போனோம். ரயில் நின்றது. வெள்ளை உடுப்பில், கையில் ஒரு தோற்பெட்டியோடு இறங்கினார். அக்கா நட்ட கட்டையாக நின்றாள். ஒரு சொல் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கொள்ளி வைத்த புருஷன் படியிறங்கி வந்தால் எப்படி நிற்பது என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது சரிவரேல்லை," என்றார். "இன்னொருக்கா."

சொல்லிவிட்டு, உள்ளதைச் சொல்கிறேன், திரும்பவும் ரயில் பெட்டியில் ஏறிவிட்டார். இறங்குவதற்காகக் காலை எடுத்து வைக்க முன்னரே ரயில் நகர்ந்துவிட்டது. கார்ட் கத்தினார், ஐயா கத்தினார், வாசற்படியில் அத்தான் மூடிய வாயோடு எங்களைக் கடந்து கோண்டாவில் பக்கம் போனார். ஒரு மணித்தியாலம் கழித்துத் தண்டவாளத்தின் வழியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். அக்கா ஓடிப்போய், நடு ஸ்ரேசனில், அத்தனை சனத்துக்கும் முன்னால் அவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் குத்திக் குத்தி அழுதாள். "ரெயில் போகேக்கை நான் செத்துப் போனன், தெரியுமோ?" என்றாள்.

"இப்ப சரி," என்றார் அத்தான்.

அதுதான் அவர். எதுவும் முதற்தரம் சரியாக வருவதில்லை என்பது அவருடைய முடிவு. என்னைத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்வார். கொண்டுவந்தால், "பிள்ளை, நீ கோப்பையைப் பார்த்துக்கொண்டு வாறாய். ஆளைப் பார்த்துக்கொண்டு வா. இன்னொருக்கா," என்று திருப்பி அனுப்புவார். பால்காரரைக்கூட வாசல் படலையை இரண்டுதரம் திறக்க வைத்திருக்கிறார். அக்காவின் தாலி விஷயத்திலும் இதே கதைதான். கிரியை செய்த ஐயர், "செத்தவருக்குத் தாலி கட்டுறதுக்கு எனக்கு மந்திரம் தெரியாது," என்று கையை விரித்தபோது ஐயாவும் அம்மாவும் இடிந்து போனார்கள். அத்தானுக்கோ உள்ளூரச் சந்தோஷம். "இன்னொருக்காக் கட்டுவம். போன தரம் எனக்குக் கை நடுங்கிப் போச்சு, முடிச்சும் வடிவா விழேல்லை," என்றார். வேறொரு ஐயரைப் பிடித்து, கோயிலில் விடியற் பூசையோடு பூசையாக, மேளம் இல்லாமல் கட்டி வைத்தார்கள். இந்தமுறை முடிச்சு வடிவாகத்தான் விழுந்தது.

ஆனால் அக்காவின் பயம் அன்றைக்குத்தான் தொடங்கியது. ஒருதரம் கழற்றிய தாலி இரண்டாந்தரமும் கழலும் என்று அவளுக்குள் எங்கோ விழுந்துவிட்டது. அத்தான் அதற்கு மருந்து போடுகிற ஆளும் அல்ல. மத்தியானத்தில் வளவில் மாமரத்தடியில் பாயை விரித்துச் சாகப் பழகுவார். அவருடைய ஒரு படமும் எங்கள் ஊருக்கு வரவில்லை. அவர் நடித்து நான் பார்த்தது அந்தப் பாயில் மட்டும்தான். அம்பு பட்டுச் சாவார், நஞ்சு குடித்துச் சாவார், தண்ணீரில் மூழ்கிச் சாவார். அதன்பிறகு கிடக்கிற கிடையைப் பார்க்க வேண்டும். கையில் இலை விழுந்தாலும் அசையமாட்டார், கண்ணிமையில் எறும்பு ஊர்ந்தாலும் அசையமாட்டார். வாய் அழகாக மூடியிருக்கும். நானும் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தேடித் தேடி எனக்குத்தான் மூச்சு முட்டும்.

அக்கா குசினியில் இருந்து ஓடிவருவாள். நாலாந்தரம், ஐந்தாந்தரம் என்றாலும் ஓடிவருவாள். வந்து, சுட்டுவிரலை அவருடைய மூக்கின் கீழே வைத்துப் பார்ப்பாள். சுடு காற்றுப் பட்டதும் அந்த விரலை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "இஞ்சாருங்கோ, உந்த விளையாட்டு வேண்டாம்," என்பாள்.

"விளையாட்டில்லை, தொழில்," என்று எழும்பி இருப்பார் அத்தான். ஒருநாள் அந்தப் பெட்டிப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார். "வடிவாப் பாருங்கோ. செத்தவனுக்கு வாய் தானாத் திறக்கும். அதுக்குத்தானே நாங்கள் துணியாலை தாடையைக் கட்டுறம்? இதிலை கட்டேல்லை. கட்டாமலே வாய் மூடியிருக்கு, பல்லுத் தெரியேல்லை. இவ்வளவு சனத்திலை ஒருத்தரும் யோசிக்கேல்லையே! எனக்குக் கொள்ளி வைச்சிட்டியள்."

அக்கா தலைமாட்டுப் பெண்ணில் விரலை வைத்தாள். "உவ ஆர்?"

"நடிக்கிறவ. அழச் சொன்னால் அழுவா, போதும் எண்டால் நிப்பாட்டுவா."

"நான் அப்பிடி அழமாட்டன்," என்றாள் அக்கா. "எனக்கு நிப்பாட்டத் தெரியாது."

அத்தான் படத்தை வாங்கி உறைக்குள் வைத்தார். மாமரத்தடிப் பாயும் அத்தோடு சுருண்டது.

ஆறு மாதம் நின்றுவிட்டு ரங்கூனுக்குப் போனார். அக்காவையும் வரச் சொன்னார். "அங்கை ஒவ்வொரு நாளும் சாகிறவரை நான் எப்பிடிப் பார்த்துக்கொண்டிருக்கிறது?" என்று அவள் மறுத்துவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருக்கா வந்து வந்து போனார். பிறகு பேசும் படம் வந்தது. அவருடைய பர்மியப் பேச்சில் சண்டிலிப்பாய் எட்டிப் பார்த்ததால் நடிக்க விடவில்லை. படத்தை இயக்கக் கொடுத்தார்கள். 'இப்போது நான் சாவதில்லை. மற்றவர்களைச் சாகப்பண்ணி, சரிவராவிட்டால் எழுப்புகிறேன்' என்று எழுதினார். அந்தக் கடிதத்தை அக்கா தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். அந்தச் சில வருடங்கள்தான் அவள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது நான் உடுவில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிழமை முடிவில் வீட்டுக்கு வருவேன். கடிதங்கள் நின்றுவிட்டன. பர்மாவில் இருந்து தப்பி வந்தவர்கள் மெலிந்து, காலெல்லாம் புண்ணாக, ஒவ்வொருவராக ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விசாரித்தாள். சண்டிலிப்பாய்க்கு வந்த ஒருவர் மட்டும் கண்டதாகச் சொன்னார். மலைப்பாதையில், படம் பிடிக்கிற பர்மியன் ஒருவனும் அத்தானும் கமெராப் பெட்டியைத் தடியில் கட்டித் தோளில் சுமந்து போனார்களாம். "எறிஞ்சிட்டு வாருமெண்டு சொன்னனான். கேக்கேல்லை. ஆளுக்குக் காய்ச்சல் வேறை," என்றார் அவர். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் கல்கத்தா முத்திரையோடு தடித்த உறை ஒன்று வந்தது.

நான் வீட்டில் இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அக்கா அதை வாங்கி வளைத்துப் பார்த்தாளாம். உள்ளே மட்டை போல ஏதோ இருந்தது, வளையவில்லை. மேல்விலாசம் அத்தானின் எழுத்து அல்ல, யாரோ அப்போதுதான் இங்கிலீசு எழுத்துப் பழகியவன் போலக் கோணல்மாணலாக எழுதியிருந்தான். அக்கா அதை உடைக்கவில்லை. றங்குப் பெட்டியில் கூறைச் சேலைக்குக் கீழே வைத்துவிட்டு, நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு சோறு காய்ச்சப் போய்விட்டாள்.

"உடைச்சுப் பார், பிள்ளை. என்னெண்டு தெரிய வேண்டாமோ?" என்று ஐயா எத்தனையோ தரம் கேட்டார்.

"போன தரமும் படம்தானே வந்தது, ஐயா. உடைச்சு என்னத்தைக் கண்டம்? இருக்கிற மனுசனைச் சாக்காட்டினம். இந்தமுறை அவரே வந்து உடைக்கட்டும்."

ஊருக்குள் கதை பரவியது. பொட்டோடு திரிகிறாளே என்று சிலரும், போன தரம் போல வந்துவிடுவார் என்று சிலரும் கதைத்தார்கள். கோயிலில் பெண்கள் அவளுக்கு இடம்விட்டு விலகி நின்றார்கள், மரியாதையிலா அருவருப்பிலா என்று தெரியாது. அக்கா ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. ஆனால் சோற்றைக் கையில் எடுத்தால் வாய்க்குப் போகாமல் நிற்கும். ரயில் கூவினால் கை அப்படியே நிற்கும். மூன்று மாதத்தில் வளையல் முழங்கை வரை ஏறியது. நான் பார்த்தேன், இந்த உறை இவளைத் தின்று தீர்க்கப் போகிறது. அவர் இருக்கிறார் என்றால் அவள் உண்ணட்டும், இல்லையென்றால் அழட்டும். இரண்டும் இல்லாத இந்த நிலை எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மாவும் கூடப் போயிருந்தார். றங்குப் பெட்டியைத் திறந்தேன். உலையில் சோறு கொதித்தது. உறையின் வாயை அந்த ஆவியில் பிடித்து மெல்ல மெல்லப் பிரித்தேன். அப்படியும் ஓர் ஓரம் கிழிந்தது. பதினாலு வயதில் நான் கத்திய கத்து காதில் கேட்டது. இந்த முறை கத்தமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே படத்தை இழுத்தேன்.

ஆஸ்பத்திரி இரும்புக் கட்டில் ஒன்றில் அத்தான் கிடந்தார். மலர் இல்லை. தலைமாட்டில் யாரும் இல்லை. நெஞ்சு வரை வெள்ளைத் துணி. முகத்தில் பாதி நிழலில் போயிருந்தது. அவர் இயக்கியிருந்தால் இந்த வெளிச்சத்தில் படம் எடுக்க விட்டிருக்கமாட்டார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே அசிங்கமாகத் தொங்கியது. படம் பிடிக்கிற அந்தப் பர்மியனுக்குத் தாடையைக் கட்ட எங்கே தெரியும்? வாய் திறந்திருந்தது. பாதி உடைந்த அந்தப் பல், நாங்கள் ஒருவரும் பார்க்காத அந்தப் பல், தெளிவாகத் தெரிந்தது.

இத்தனை மோசமாக அவர் ஒருநாளும் செத்ததில்லை.

அழக்கூட நேரம் இல்லை. சோற்றுப் பசையைத் தடவி உறையை ஒட்டி, கூறைச் சேலைக்குக் கீழே வைத்து மூடினேன். குசினிக்கு வந்து அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படலை திறந்தது. அக்கா நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் விரலில் ஒட்டியிருந்த சோற்றுப் பசையைப் பார்த்தாள்.

"உடைச்சனியோ?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓம், அக்கா."

"அண்டைக்கும் நீதான் உடைச்சனி," என்றாள். கோபம் இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன படம்?"

"பெட்டிப் படம் மாதிரித்தான். அவையின்ரை கொம்பனிப் படம். நடிச்சுக் கிடக்கிறார்."

"பல்லுத் தெரியுதோ?"

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அதைப் பார்த்தபடி, "இல்லை," என்றேன்.

அக்கா கிட்ட வந்தாள். என் தாடையில் கைவைத்து முகத்தை நிமிர்த்தினாள். அவளுடைய கண் முழுக்க நீர். ஆனால் ஒரு சொட்டும் விழவில்லை, விழ விடவில்லை.

"நீ உலையைப் பார்த்துக்கொண்டு சொல்லுறாய்," என்றாள். "என்னைப் பார்த்துச் சொல்லு. இன்னொருக்கா."

நான் அவளைப் பார்த்தேன்.

"பல்லுத் தெரியேல்லை, அக்கா. வாய் வடிவா மூடியிருக்கு."

"இப்ப சரி," என்றாள் அக்கா. குனிந்து, பொங்கிய சோற்றை இறக்கி வைத்தாள்.